ஏற்றிய இடத்தில் ஏன் இயங்கவில்லை?

நுழையும்முன்

தேர்வு முடிவு, தொடர்வண்டி முன்பதிவு, வங்கிக் கணக்கு என நாம் நாள்தோறும் திறக்கும் இணையச் செயலிகள் யாவும் எவரோ ஒருவரின் மேசைக் கணினியில் பிறந்து, பின்னர் மேகக் கணினிக்குக் குடிபெயர்ந்தவையே. அக்குடிபெயர்ப்பில் நேரும் இடர்கள் எவை, அவற்றின் காரணத்தைத் தேடிக் காண்பது எவ்வாறு என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நாற்றங்காலும் வயலும்

நாற்றங்காலில் பச்சைப் பசேலெனச் செழித்து நிற்கும் நாற்று, பறித்து வயலில் நடப்பட்டதும் சில நாள்கள் தலை சாய்ந்து நிற்பதை உழவர் அறிவர். மண் வேறு, நீரின் ஆழம் வேறு, வெயிலின் கடுமையும் வேறு. மென்பொருளுக்கும் இத்தகையதொரு நடவு உண்டு. ஒருவர் தம் கணினியில் எழுதிச் சோதித்த இணையச் செயலியை, எல்லாரும் பயன்படுத்தும் சேவையகத்தில் நிறுவி இயக்குவதையே ‘ஏற்றுதல்’ என்கிறோம். ஏற்றிய பின் செயலி இயங்காதபோது உலகெங்கும் நிரலர் முதலில் சொல்லும் விடை ஒன்றுதான்: “என் கணினியில் நன்றாக இயங்குகிறதே!” அவர் சொல்வது பெரும்பாலும் பொய்யன்று. ஆனால், அவ்விடையால் எவருக்கும் பயனில்லை. அவருடைய கணினியில் இருந்து புதிய இடத்தில் இல்லாமற்போனது எது என்னும் வினாவே பயனுடையது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். மாணவர் சிலர் தம் ஊர் நூலகத்திற்கென ஒரு செயலியை உருவாக்குகின்றனர். அதில் நூற்பட்டியலைத் தமிழில் தேடலாம். நூல்களின் அட்டைப்படங்களைச் சேர்க்கலாம். இரவல் பெற்ற நாளைப் பதியலாம். உறுப்பினர் சான்றினை அச்சிட்டுக்கொள்ளலாம். மடிக்கணினியில் அனைத்தும் செவ்வனே நடக்கின்றன. மேகக் கணினியில் ஏற்றியதும் வெள்ளைத் திரையில் 502 என்னும் எண் மட்டும் தோன்றுகிறது.

மேகம் என்பது வானத்தில் இல்லை

‘மேகம்’ என்பது கவர்ச்சியான பெயர். சற்று ஏமாற்றும் பெயரும் கூட. உண்மையில் அது குளிரூட்டப்பட்ட கட்டடங்களில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட கணினிகளின் தொகுதியே. அமேசான் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் தன் சேமிப்பிடத்தையும் கணிக்கும் திறனையும் பிறர்க்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. 2016ஆம் ஆண்டில் அதன் தரவு மையங்கள் மும்பையிலும் செயற்பாட்டிற்கு வந்தன. முன்பு ஒரு சேவையகத்தை விலைகொடுத்து வாங்கிப் பொருத்த வேண்டிய நிலையில், இன்று மாணவர்கூடச் சில மணித்துளிகளில் ஒன்றை வாடகைக்குப் பெற இயலுகிறது. வாடகை வீட்டிற்கு உரிய கட்டுப்பாடுகளும் உடன் வருகின்றன: வீட்டின் சுவரை நாம் இடிக்க முடியாது; உரிமையாளர் வைத்த விதிகளை நாமே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்கள் கூறும் செய்தி

திரையில் தோன்றும் எண்ணைப் பலர் வெறும் அடையாளமாகக் கருதி மூடிவிடுகின்றனர். அஃது ஒரு முகவரி போன்றது. பிழை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதையாவது அது காட்டிவிடும். 4இல் தொடங்கும் எண்கள் வேண்டுகோளில் ஏதோ குறை எனச் சொல்கின்றன. 404 எனில் கேட்ட பக்கம் அவ்விடத்தில் இல்லை. 5இல் தொடங்குபவை சேவையகத்தின் பக்கம் குறை என்பதைக் காட்டுகின்றன. 500 எனில் செயலி விழித்திருக்கிறது. ஆயினும் உள்ளே தடுமாறி விழுந்துவிட்டது. 502 எனில் வாயிலில் நிற்கும் இடைச் சேவையகம் நம் வேண்டுகோளை உள்ளே கொண்டுசென்றது. ஆனால் செயலியிடமிருந்து முறையான மறுமொழியைப் பெறவில்லை. 504 எனில் உரிய நேரத்திற்குள் மறுமொழி வரவில்லை. ஆகவே, 502ஐக் கண்டவர் தம் நிரலின் பக்க வடிவமைப்பைத் திருத்தத் தொடங்கினால் அது வீண் உழைப்பே. செயலி எழுந்து நின்றதா என்பதையே அவர் முதலில் பார்க்க வேண்டும்.

அதனை அறிவிப்பது பதிவேடு. சேவையகம் தான் செய்த ஒவ்வொன்றையும் நேரத்துடன் வரிவரியாக எழுதிவைக்கும் கோப்பு இது. இதனைப் படிப்பதற்கு ஒரு முறை உண்டு. நீண்ட பிழைச்செய்தியின் கடைசி வரியே கண்ணில் முதலில் படும். ஆயின், ஒரு பிழையிலிருந்து பல பிழைகள் கிளைப்பதால், பல வேளைகளில் மூலகாரணம் மேலே, முதன்முதலாகத் தோன்றிய பிழையிலேயே இருக்கும். பதிவேடு எவ்விதப் பிழையும் சொல்லாமல் நடுவே சட்டென்று முடிந்திருந்தால் அதுவும் ஒரு செய்தியே. நினைவகம் போதாமல் இயங்குதளமே செயலியை நிறுத்திவிட்டது என ஐயுறலாம். உடன் 137 என்னும் முடிவு எண் காணப்படின் அந்த ஐயம் வலுப்பெறும்.

இரு வீடுகளுக்கு இடையே

நம் நூலகச் செயலியின் பதிவேட்டைத் திறப்போம். செயலி 3000ஆம் எண் வாயிலில் காத்திருப்பதாக அதில் எழுதியிருக்கிறது. மடிக்கணினியில் அந்த எண்ணை மாணவர்களே தேர்ந்தெடுத்து நிரலுக்குள் எழுதிவைத்தனர். மேக நிறுவனங்கள் பலவற்றிலோ வாயில் எண்ணை நிறுவனமே ஒதுக்கிச் ‘சூழல் மாறி’ எனப்படும் குறிப்பின் வழியே செயலிக்குத் தெரிவிக்கிறது. நிறுவனம் ஒரு வாயிலில் வந்து கதவைத் தட்ட, செயலி வேறொரு வாயிலில் காத்திருந்தால் இருவரும் சந்திப்பதற்கு வழியில்லை. எண் சரியாக இருந்தும் சில செயலிகள் 127.0.0.1 என்னும் முகவரியில் மட்டும் செவிசாய்த்திருக்கும். இம்முகவரி ஒரு கணினி தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் முகவரி. தெருப்பக்கம் கதவே வைக்காத வீட்டைப் போல, உள்ளே இருப்பவர்க்கு எல்லா அறைகளும் திறந்திருக்கும். வெளியிலிருந்து வருபவர்க்கு நுழைய இடமில்லை. 0.0.0.0 என மாற்றினால் எல்லாத் திசையிலிருந்தும் வரும் அழைப்புகளைச் செயலி ஏற்கும்.

வாயில் திறந்தது. 502 மறைந்து இப்போது 500 தோன்றுகிறது. மாணவர் சோர்ந்துபோவது இயல்பே. ஆனால், பிழையின் எண் மாறியதே முன்னேற்றத்தின் அறிகுறி, செயலி எழுந்துவிட்டது. இம்முறை அது தரவுத்தளத்தைத் தேடித் தடுமாறுகிறது. தரவுத்தளத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் மடிக்கணினியில் ஒரு தனிக் கோப்பில் இருந்தன. கடவுச்சொல் பிறர் பார்வைக்குச் செல்லக்கூடாது என்பதற்காக அக்கோப்பை மாணவர் சரியாகவே நிரலுடன் அனுப்பாமல் விட்டனர். ஆயினும், அச்செய்திகளை மேக நிறுவனத்தின் அமைப்புப் பக்கத்தில் மீண்டும் உள்ளிட வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இவ்விடத்தில் பொறுமையிழந்து கடவுச்சொல்லை நிரலுக்குள்ளேயே எழுதிப் பொதுக் களஞ்சியத்தில் சேர்ப்பவர் உளர். பின்னர் அவ்வரியை அழித்தாலும் களஞ்சியத்தின் பழைய பதிப்புகளில் அது நிலைத்திருக்கும். அவ்வாறு வெளிப்பட்டுவிட்ட கடவுச்சொல்லை மாற்றுவதே ஒரே வழி.

இனி, அட்டைப்படங்களுள் சில தோன்றுகின்றன, சில தோன்றவில்லை. விண்டோஸ் இயங்குதளம் கோப்புப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். சேவையகங்களில் பெரிதும் பயன்படும் லினக்ஸ் இயங்குதளமோ அவற்றை இரண்டு பெயர்களாகக் கொள்ளும். நிரலில் சிறிய எழுத்தும் கோப்பில் பெரிய எழுத்தும் இருந்தால் லினக்ஸ் ‘அப்படியொரு கோப்பு இல்லை’ எனக் கைவிரித்துவிடும். இது மிகச் சிறிய வேறுபாடு. நிரலரின் மாலைப்பொழுதுகளை இதனினும் மிகுதியாக விழுங்கிய வேறுபாடு வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை.

நிரல் நூலகங்களின் பதிப்பும் இத்தகையதே. பிறர் எழுதிவைத்த நூலகங்களைச் சார்ந்தே இன்றைய செயலிகள் இயங்குகின்றன. எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை உறுதியாகக் குறிக்காவிடில், ஏற்றும் நாளன்று வெளியாகியுள்ள புதிய பதிப்பு வந்து அமரும். மடிக்கணினியிலோ ஆறு திங்களுக்கு முந்தைய பதிப்பு இருக்கும். சார்ந்துள்ள நூலகம் ஒவ்வொன்றின் சரியான பதிப்பையும் பட்டியலிடும் ‘பூட்டுக் கோப்பு’ இதற்கெனவே உள்ளது. அதனை நிரலுடன் சேர்த்து அனுப்ப வேண்டும்.

நாள்பட்டு வெளிப்படும் பிழைகள்

ஏற்றிய அன்றே தெரியும் பிழைகள் ஒருவகையில் நல்லவை. சில பிழைகள் நாள் கடந்தே தம்மை வெளிக்காட்டுகின்றன. மாணவர் சேர்த்த அட்டைப்படங்கள் ஒருநாள் முழுதாக மறைந்துபோகின்றன. மேக நிறுவனங்கள் பலவற்றில் செயலிக்கு வழங்கப்படும் வட்டு நிலையற்றது; செயலி மறுபடி தொடங்கும்போது அது புதிதாக, வெறுமையாகத் தரப்படும். வாடகை அறையின் கரும்பலகையில் எழுதிவைத்த கணக்கைப் போன்றது அது. நிலைத்திருக்க வேண்டிய கோப்புகளைத் தனியாக அமைந்த சேமிப்புச் சேவையில் வைத்தல் வேண்டும்.

மற்றொன்று காலம். சேவையகங்கள் பொதுவாக ஒருங்கிணைக்கப்பட்ட உலகப் பொதுநேரத்தில் இயங்குகின்றன. இந்திய நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முற்பட்டது. பத்தாம் நாள் விடியற்காலை 4 மணிக்கு ஒருவர் இணையவழி நூல் ஒன்றை இரவல் பதிந்தால், சேவையகத்தின் கணக்கில் அது ஒன்பதாம் நாள் இரவு 10.30 மணி. தவணை நாள் ஒருநாள் முன்னதாகவே முடிந்து, செய்யாத தாமதத்திற்கு அவர் தண்டத்தொகை கட்ட நேரிடும். இப்பிழையைச் சோதனையில் காண்பது கடினம். மாணவர் பகலில் சோதிக்கின்றனர். பகலில் இரு கணக்கிலும் நாள் ஒன்றாகவே இருக்கிறது.

தமிழுக்கு உரிய இடர்கள்

தமிழில் செயலி அமைப்போர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. ‘தமிழ்’ என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ அது ஐந்து குறிகள்: தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி. யுடிஎஃப்-8 என்னும் குறியாக்க முறையில் இவை ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்வதால் மொத்தம் 15 பைட்டுகள் ஆகின்றன. ஆங்கிலத்தை மட்டும் எண்ணி அமைத்த தரவுத்தளம், சொல்லின் நீளத்தைப் பைட்டுகளால் அளந்து நடுவே வெட்டிவிடக்கூடும்.

தரவுத்தளம் பழைய இலத்தீன் குறியாக்கத்தில் அமைந்திருந்தால் இருவகை விளைவு நேரலாம். நூற்பெயர்கள் பொருளற்ற ஐரோப்பிய எழுத்துகளின் கோவையாகத் தோன்றினால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை; பைட்டுகள் பழுதின்றி உள்ளன, படிக்கும் முறைதான் தவறு. அவற்றை மீட்கலாம். மாறாக, தரவுத்தளத்திற்குள்ளேயே எழுத்துகளுக்கு ஈடாகக் கேள்விக்குறிகள் பதிந்துவிட்டிருந்தால் மூல எழுத்துகள் அழிந்துவிட்டன. நூறு கேள்விக்குறிகளிலிருந்து ஒரு நூற்பெயரை மீட்டெடுக்க எந்தக் கருவியாலும் இயலாது. ஆகவே, ஏற்றியவுடன் ஒரு தமிழ்ப் பெயரைப் பதிந்து, மீண்டும் எடுத்துப் பார்த்துவிட்டே மற்றவற்றைப் பதிதல் நலம்.

உறுப்பினர் சான்றில் எழுத்துகளுக்கு மாற்றாகச் சிறு சிறு சதுரங்கள் தோன்றினால் அதன் காரணம் வேறு. அங்குத் தரவு சரியாகவே இருக்கிறது. சான்றினை வரையும் சேவையகத்தில் தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை. மடிக்கணினியில் எழுத்துரு முன்பே இருந்ததால் அது தேவை என்பதே எவர்க்கும் நினைவுக்கு வந்திராது.

நாற்பத்தைந்து நிமிடங்கள்

நூலகச் செயலியின் பிழை ஒரு நாளை வீணாக்கும். பெருநிறுவனத்தில் நேரும் ஏற்றப் பிழையின் விலை எத்தகையது என்பதற்கு 2012ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்று சான்றாகும். நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனம், நியூயார்க் பங்குச் சந்தையில் ஆகஸ்ட் 1 அன்று தொடங்கவிருந்த புதிய திட்டத்திற்கெனத் தன் மென்பொருளை மாற்றியது. அது மேகக் கணினியன்று. நிறுவனத்தின் சொந்தச் சேவையகங்களே. எனினும், நடந்த தவறு எங்கும் நிகழத்தக்கது.

மென்பொருளை ஏற்ற வேண்டிய சேவையகங்கள் எட்டு. ஏழில் புதிய நிரல் ஏற்றப்பட்டது, ஒன்று விடுபட்டது. அதனை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்னும் விதி அங்கு இல்லை. விடுபட்ட சேவையகத்தில், 2003ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட பழைய நிரற்பகுதி ஒன்று அழிக்கப்படாமல் கிடந்தது. அதனை முன்பு இயக்கிய அதே குறியீட்டையே புதிய திட்டத்திற்கும் பயன்படுத்தியிருந்தனர். சந்தை திறந்ததும் ஏழு சேவையகங்கள் அக்குறியீட்டைப் புதிய பொருளில் புரிந்துகொண்டன. எட்டாவது பழைய பொருளில் புரிந்துகொண்டு ஓயாமல் பங்குகளை வாங்கவும் விற்கவும் தொடங்கியது. ஏறத்தாழ 45 நிமிடங்களில், வாடிக்கையாளர் அளித்த 212 ஆணைகள் 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட வணிகங்களாகப் பெருகின. இழப்பு 46 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் மற்றொன்றுடன் இணைக்கப்பட்டது.

இந்நிகழ்வில் நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கவை இரண்டு. சந்தை திறப்பதற்கு முன்பே, காலை 8 மணியளவிலிருந்து, அந்தப் பழைய நிரற்பகுதியின் பெயரைச் சுட்டிய 97 மின்னஞ்சல்களை நிறுவனத்தின் கணினியமைப்பே ஊழியர்க்கு அனுப்பியிருந்தது. அவை எச்சரிக்கையாக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பதால் எவரும் பொருட்படுத்தவில்லை. பதிவேடு பேசியது, கேட்பார் இல்லை. இரண்டாவது இன்னும் துயரமானது. குழப்பத்தைத் தீர்க்க முயன்றவர்கள், புதிய நிரலே பிழையெனக் கருதி, சரியாக இயங்கிக்கொண்டிருந்த ஏழு சேவையகங்களிலிருந்தும் அதனை நீக்கினர். அதனால் அந்த ஏழிலும் பழைய நிரற்பகுதி விழித்துக்கொண்டது. எட்டிற்குள் ஒன்று மட்டும் ஏன் வேறுபட்டு நடக்கிறது என்னும் ஒப்பீட்டைச் செய்யாமல் மருந்து கொடுத்ததால் வந்த விளைவு இது.

திரும்பிச் செல்லும் வழி

ஏற்றிய பதிப்பு பழுதெனில் முந்தைய பதிப்பிற்குத் திரும்புதல் பொதுவாக நல்ல வழியே. பயனர் காத்திருக்கும்போது காரணத்தை ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட, முதலில் பழைய நிலைக்கு மீண்டு, பின்னர் அமைதியாக ஆராய்வது அறிவுடைமை. ஆனால், நிரலைப் பின்னுக்குக் கொண்டுசெல்வது எளிது. தரவைப் பின்னுக்குக் கொண்டுசெல்வது எளிதன்று. புதிய பதிப்பு தரவுத்தளத்தின் ஓர் அட்டவணைப் பெயரை மாற்றியிருந்தால், பழைய நிரல் அதனைத் தேடிக் காணாது மறுபடியும் விழும்.

தரவுக்குக் காப்புநகல் உண்டு என நம்பியிருப்பதும் போதாது. நிரல் களஞ்சியங்களைப் பேணும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று, பொறியாளர் ஒருவர் துணைத் தரவுத்தளத்தில் அழிக்க எண்ணிய கோப்புறையை முதன்மைத் தரவுத்தளத்தில் அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவு நொடிகளில் நீங்கியது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பிய காப்புநகலைத் தேடியபோது அஃது அங்கு இல்லை. தரவுத்தளத்தின் பதிப்பும் நகலெடுக்கும் கருவியின் பதிப்பும் வேறுபட்டிருந்ததால் நகலெடுப்பு தொடர்ந்து தோல்வியுற்றிருந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திரும்பியிருந்தன. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன்பு தற்செயலாக எடுக்கப்பட்ட நகலே அவர்களைக் காத்தது. அந்த ஆறு மணி நேரத் தரவு மட்டும் மீளவில்லை. மீட்புப் பணியை மறைக்காமல் அந்நிறுவனம் எல்லாரும் காண வெளியிட்டதனால்தான் இந்நுணுக்கங்களை நாம் இன்று அறிய முடிகிறது.

பிழை நம்முடையதன்று எனில்

நிரல், சூழல் மாறி, பதிப்பு, தரவு அனைத்தும் சரியாக இருந்தும் செயலி நிற்பதுண்டு. ‘கடைசியாக நாம் எதை மாற்றினோம்?’ என்னும் வினாவிற்கு ‘எதையும் மாற்றவில்லை’ என்பதே உண்மையான விடையாயின், மேக நிறுவனத்தின் நிலைப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆனால், அப்பக்கத்தையும் முழுதாக நம்பிவிட இயலாது. 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் வடக்கு வர்ஜீனியச் சேமிப்புச் சேவையில் சில சேவையகங்களை மட்டும் நீக்குவதற்காக இட்ட கட்டளையில் ஓர் உள்ளீடு தவறாகத் தட்டச்சு செய்யப்பட்டது. எண்ணியதைவிட மிகுதியான சேவையகங்கள் நீங்கவே, அதனைச் சார்ந்திருந்த இணையதளங்கள் பல நான்கு மணி நேரம் தவித்தன. சேவை நிலையை அறிவிக்கும் பக்கத்தை மாற்றும் கருவியும் அதே சேமிப்புச் சேவையையே சார்ந்திருந்தது. ஆகவே, அந்நாளின் முற்பகுதியில் தன் சேவைகளின் நிலையை அப்பக்கத்தில் மாற்ற இயலாத அந்நிறுவனம், டுவிட்டர் வழியாகச் செய்தியை வெளியிட்டது.